வாசல் திறந்த பிறகு

கொட்டாஞ்சேனையிலிருந்து களனிப் பல்கலைக்கழகம் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பேலியகொடையைத் தாண்டி, கண்டி வீதியில் தளுகம வரை போனால் வளாகம் வந்துவிடும். வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் காலி வீதி நெரிசலையும் புறக்கோட்டையில் பஸ் மாறுவதையும் சேர்த்தால் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காலையில் வீட்டுச் சாப்பாட்டோடு புறப்பட்டு இரவு வீட்டுக்கே வந்து படுக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ பதுளையிலிருந்தோ வருகிற பிள்ளையைப் போல போடிங் தேடி அலைய வேண்டியதில்லை. களனி கிடைத்த செய்தி வந்ததும் கொழும்புத் தமிழ் வீடுகளில் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவது அதனால்தான். "கம்பஸ் கிடைச்சிட்டுது, அதுவும் பக்கத்திலை. இனி என்ன யோசனை?" என்கிறார்கள்.

யோசனை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தின் வாசல் யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்பதைப் பற்றி இந்த நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வருகிறது. தமிழர்களாகிய நாம் அதைப் பற்றிப் பேசியதும் எழுதியதும் போராடியதும் கொஞ்சமல்ல. பேச வேண்டிய நியாயமும் நமக்கு இருந்தது. ஆனால் வாசலைத் தாண்டிய பிள்ளை உள்ளே போய் எப்படிப் படிக்கப்போகிறது, தானாகப் படிக்க அதற்கு யார் பழக்கினார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் கிடைத்த இடம் மிகச் சிறியது.

2012இல் வகுக்கப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரையாக நடக்கும் பாடமென்றால் அதில் வழமையாக 15 மணித்தியாலமே விரிவுரை மண்டபத்தில் கழியும். மிச்சம் 35 மணித்தியாலம் மாணவரின் பொறுப்பு: வாசிப்பது, குறிப்பெடுப்பது, ஒப்படை எழுதுவது, விளங்காததைத் தேடிப் போவது. மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட். எல்லாவற்றையும் விரிவுரைப் பாடங்களாக வைத்துப் பார்த்தால் 4,500 மணித்தியாலத்தில் 3,150 மணித்தியாலம் ஆசிரியர் இல்லாத நேரம். அதற்கு மணி அடிக்காது. யாரும் இடாப்புக் கூப்பிட மாட்டார்கள். வரவில்லையே என்று வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவும் மாட்டார்கள்.

அந்த 3,150 மணித்தியாலத்துக்குள் நுழைகிற பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உயர்தர வகுப்பின் இரண்டாம் ஆண்டில் கொழும்பில் எத்தனை பிள்ளைகள் பாடசாலையை முதன்மையான படிப்பிடமாக நினைக்கிறார்கள்? சனி, ஞாயிறு விடிய ஆறு மணிக்கே ரியூசன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். பின் வரிசையில் இருப்பவர்களுக்குச் சேரின் குரல் ஒலிபெருக்கியில்தான் வரும். வாசலில் ரியூட் கொடுப்பார்கள். அதில் பாடம் சுருக்கமாக இருக்கும். பத்து, பதினைந்து வருடத்துக் கடந்தகால வினாக்கள் அலகு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கீழே புள்ளித்திட்டத்தில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி விழும் என்பது கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அந்தச் சேர்மாரை நான் குறை சொல்லவில்லை. கடுமையாக உழைக்கிறார்கள், நன்றாக விளங்கப்படுத்துகிறார்கள், ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பரீட்சை கேட்பதை அவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் தெரிவு செய்கிற வேலை, சுருக்குகிற வேலை, எது முக்கியம் என்று தீர்மானிக்கிற வேலை எல்லாவற்றையும் பிள்ளைக்காக இன்னொருவர் செய்து முடித்துவிடுகிறார். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில், நல்ல நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே வந்து படிக்கும் உயர்தரப் பிள்ளைகளின் மேசையைப் பாருங்கள். அவர்கள் கொண்டுவந்த ரியூட்கள் விரிந்து கிடக்கும். அலுமாரியிலிருந்து எடுத்த புத்தகம் அநேகமாக இருக்காது. அமைதியும் மின்விசிறியும் தேடி வருகிறார்கள். புத்தகம் தேடி வர வேண்டிய தேவையை அவர்களுக்கு யாரும் ஏற்படுத்தவில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? பழைய காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. மிகச் சிலருக்கு மட்டும் கிடைத்த கல்வி அது. என்றாலும் அந்தச் சிலர் எப்படிப் படித்தார்கள் என்பதில் நமக்கு வேலை இருக்கிறது.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானியலும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1857இல், புதிதாகத் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. பட்டங்களை வழங்கியபோது அவற்றைப் பெற்றவர்கள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பல்கலைக்கழகம் அவர்களை ஆக்கவில்லை. பல்கலைக்கழகம் பிறக்கும்போதே அவர்கள் தயாராக இருந்தார்கள். அதே யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். தாய்மொழியில் ஆழமாகப் படித்தவர் இன்னொரு மொழியிலும் படிக்கலாம் என்பது நம் மண்ணில் அன்றே கண்டறிந்த விஷயம்.

1880களில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும் இலண்டன் பரீட்சைகளும் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. வினாத்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும். பரீட்சைக்காகவே படிப்பிக்கிற பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. முகம் தெரியாத பரீட்சகருக்காக எழுதும்போது அவர் என்ன கேட்பார் என்று ஊகிப்பதே முக்கிய திறமையாகிவிடுகிறது. ஆனால் அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. வகுப்பே இல்லாமல், விரிவுரையாளரே இல்லாமல், புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகப் படித்து இலண்டன் பட்டம் பெற்றவர்கள் உருவானார்கள். விபுலானந்த அடிகள் அவர்களில் ஒருவர். மட்டக்களப்பில் படித்து, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். பிறகு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1920இல் இலண்டன் பி.எஸ்ஸி. பட்டத்தை எடுத்தார். சங்கத் தமிழும் பௌதிகவியலும் ஒருவரிடமே வந்து சேர்ந்தன. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியாக, பழந்தமிழ் இசைக்கருவிகளை அவர் கணிதக் கண்ணோடு ஆராய்ந்தார். பாடத்திட்டம் எதுவும் அவரை அங்கே கூட்டிப் போகவில்லை.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முதலில் உரத்துக் கேட்டவர்களில் ஒருவர் கொழும்புத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் அதற்கென ஒரு சங்கமே அமைந்தது. புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போன மனிதருக்குச் சுயமாகப் படிப்பது என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. ஊர்ப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அதுவும் இலண்டன் பரீட்சைக்கே மாணவரைத் தயார் செய்தது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாணவர் தொகை 904. பத்து வருடத்துக்குள் அது பேராதனைக்கு நகரத் தொடங்கியது. விடுதியில் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம், சிறு குழுக்களாக ஆசிரியரோடு உட்கார்ந்து வாதிடுகிற வகுப்புகள் என்பதே ஜெனிங்ஸின் கனவு.

அந்தப் பேராதனைக்குப் போன தமிழ் மாணவர்களில் பிற்காலத்தில் பேராசிரியர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் உண்டு. இருவரும் உயர் வகுப்புகளைக் கொழும்பில் படித்தவர்கள்: கைலாசபதி றோயல் கல்லூரியில், சிவத்தம்பி ஏ. எம். ஏ. அஸீஸ் அதிபராக இருந்த ஸாஹிறாக் கல்லூரியில். அக்காலத்து உயர் வகுப்புகள் சிறியவை. விவாத மன்றம், நாடகம், பாடசாலைச் சஞ்சிகை எல்லாம் படிப்பின் பகுதியாக இருந்தன. தவறாகப் பேசினாலும் எழுந்து பேச இடம் இருந்தது. வளாகத்துக்குள் போகும் முன்பே வளாகத்தின் வாழ்க்கையில் ஒரு துளியாவது சுவைத்துப் பார்க்க முடிந்தது. கைலாசபதி பிறகு 'தினகரன்' ஆசிரியராக இருந்தார், பர்மிங்ஹாமில் ஆய்வு செய்தார், களனியில் வித்தியாலங்கார வளாகத்தில் கற்பித்தார், 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார்.

வித்தியாலங்காரம் என்றதும் களனியின் கதைக்கு வருகிறோம். இன்றைய களனிப் பல்கலைக்கழகம் 1875இல் இரத்மலானே ஸ்ரீ தம்மாலோக தேரர் பேலியகொடையில் தொடங்கிய பிரிவேனாவிலிருந்து வளர்ந்தது. பாளி, சமஸ்கிருதம், சிங்களம் ஆகியவற்றைப் பிக்குமார் கற்ற இடம். அறிஞர் ராகுல் சாங்கிருத்தியாயனும் அங்கே கற்பித்திருக்கிறார். 1959இல் அது வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் ஆனது. 1972இல் நாடு முழுவதற்குமான ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகமானது. 1978இல் களனிப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. பிரிவேனா மரபில் மனப்பாடம் முதல் படி. அதற்கு மேல் உரை, உரைக்கு மேல் விவாதம். நம் ஊர்க் கோயில்களில் நடந்த புராண படனத்திலும் இதே ஒழுங்கு இருந்தது: ஒருவர் பாடலைப் படிப்பார், மற்றவர் பொருள் சொல்வார், சுற்றி இருக்கும் கிழவர்கள் "அந்த இடத்துக்கு அப்படிப் பொருள் வராது" என்று தடுப்பார்கள். நம் மரபுக் கல்வி வெறும் மனப்பாடம் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்றாம் படியைப் பார்ப்பதில்லை. இன்றைய பிள்ளைக்கு நாம் முதல் படியை மட்டும் மிச்சம் வைத்து மற்ற இரண்டையும் எடுத்துவிட்டோம்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கரா திறந்துவிட்ட அந்த வழியில் வந்த இலட்சக்கணக்கான பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தாய்மொழிக் கல்வி பாடசாலைகளில் படிப்படியாக ஏறி, 1960ஐ ஒட்டிப் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களை எட்டியது. அது நீதியான காரியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலம் தெரிந்த சில குடும்பங்களின் சொத்தாக இருந்த பல்கலைக்கழகம் ஊர்ப் பிள்ளைக்குத் திறந்தது அதனால்தான். ஆனால் பிள்ளைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளே எடுத்த அரசுகள், அந்த மொழிகளில் பல்கலைக்கழக நூலகத்தை நிரப்பவில்லை. பாடசாலைக்கு மொழிபெயர்ப்புப் பாடநூல்கள் வந்தன, கலைச்சொற்றொகுதிகள் வந்தன, பட்டப்படிப்புக்குத் தேவையான வாசிப்பு வரவில்லை. நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம், மாணவரிடம் தமிழ் மட்டும். இடையில் விரிவுரையாளரின் நோட்ஸ் வந்து உட்கார்ந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைப் பாடமாக்கி, பாடமாக்கியதைப் பரீட்சையில் திருப்பி எழுதுகிற முறை அன்று தேவையில் பிறந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. நோட்ஸ் வாங்கிப் படித்த தலைமுறை ஆசிரியராகி நோட்ஸ் கொடுத்தது.

இதைச் சீர்செய்ய வேண்டிய நேரத்தில் சண்டை வாசலுக்கு வந்துவிட்டது. 1971இல் மருத்துவப் படிப்புக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூலத்தவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூலத்தவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. அந்தக் காயத்தை அனுபவித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நல்ல புள்ளி எடுத்தும் வீட்டில் இருந்த அண்ணாமார், கடல் கடந்து போனவர்கள், ஆயுதம் எடுத்தவர்கள் என்று அதன் விளைவு நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அதன் பிறகு நம் சமூகம் எல்லாச் சக்தியையும் புள்ளியில் குவித்ததற்கு யாரைக் குறை சொல்வது? ஒரு புள்ளியால் ஒரு வாழ்க்கை மாறிய காலத்தில், ஒரு புள்ளி கூட்டித் தருகிற ஆசிரியரே பெரிய ஆசிரியர்.

அதன் பின் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1987 முதல் 1989 வரையான தெற்குக் கிளர்ச்சிக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. போர் நீண்டது. கொழும்புத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு வீடு சேர்வதே பெரிய காரியமாக இருந்தது. 2007 ஜூனில் தலைநகரின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தது. இந்த நினைவுகளோடு வாழ்ந்த தாய் தன் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். பரீட்சை அனுமதி அட்டையிலிருந்து வங்கிப் புத்தகம் வரை தானே கையாண்டாள். இன்றும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, யுனிகோட் இலக்கங்களை வரிசைப்படுத்தி, விண்ணப்பத்தை நிரப்புவது பல வீடுகளில் தகப்பன்தான். எந்தப் பாடநெறியில் என்ன படிக்க இருக்கிறது என்று பிள்ளை வாசித்துப் பார்த்திருக்காது. அந்த அன்புக்குக் காரணம் இருந்தது. அதே அன்பு இப்போது பிள்ளையின் கையைக் கட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2001 முதல் இசட் புள்ளி நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமையில், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையில், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பதே பங்கீடு. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் மேலே நிற்கும். தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அப்படி உழைத்த பிள்ளை முதல் வருடத்திலேயே திணறுவதைப் பார்ப்பதுதான் மனத்தை அறுக்கிறது.

களனியின் விஞ்ஞான பீடத்தில் முதல் கிழமை எப்படி இருக்கும்? உயர்தரத்தில் தமிழில் உயிரியல் படித்த பிள்ளைக்கு ஒளித்தொகுப்பு தெரியும், பிரசாரணம் தெரியும், இழையுருப்பிரிவும் ஒடுக்கற்பிரிவும் படம் போட்டு விளங்கப்படுத்தத் தெரியும். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் அதே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். பிள்ளை சொல்லைப் பிடித்து, அதற்குரிய தமிழை நினைவில் தேடி, பொருளைக் கண்டு நிமிரும்போது திரையில் மூன்று பக்கம் ஓடிவிட்டிருக்கும். தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. வெளியே வந்தால் அலுவலகத்திலும் கன்ரீனிலும் சிங்களம். கொழும்புப் பிள்ளைக்கு அது ஓரளவு வாயில் வரும். கிளிநொச்சிப் பிள்ளைக்கு அதுவும் பாரம். முதல் செமஸ்டர் பதினைந்து கிழமையில் முடிந்துவிடும். பிள்ளை நிலைகொள்வதற்குள் முதல் ஜிபிஏ பதிவாகிவிடும். வகுப்புப் பட்டம் கிடைக்குமா என்பதன் பாதி விடை அங்கேயே எழுதப்படுகிறது.

முதல் நாட்களில் வழிகாட்டுவது யார் என்பதும் முக்கியம். ஆறுதலாகப் பேசுகிற அண்ணாமாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். பகிடிவதை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. நூலகத்துக்குப் போகாதே, விரிவுரையாளரிடம் கேள்வி கேட்காதே, ஆங்கிலத்தில் பேசாதே என்று புதியவர்களுக்குக் கட்டளை இடுகிற பகிடிவதை, அவர்கள் தானாகப் படிக்கும் துணிவை முதல் மாதத்திலேயே முறிக்கிறது. கன்னத்தில் அடிப்பதைவிட அது குறைந்த வன்முறை என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், நம்மிடம் யாரும் சரியாகப் பயன்படுத்தாத ஒரு காலம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில் நடந்தது. விடைத்தாள் திருத்தும் பணி இழுபட்டு, பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. தெரிவானவர்கள் வகுப்பில் உட்கார்ந்தது 2024இல். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. வசதியுள்ள வீட்டில் இந்த நாட்கள் ஆங்கில வகுப்பு, சிமா, கணினிப் பாடநெறி, சாரதி அனுமதிப்பத்திரம் என்று போகின்றன. வசதியில்லாத வீட்டில் பிள்ளை புறக்கோட்டைக் கடையில் கணக்கெழுதப் போகிறது. அதில் இழிவு எதுவும் இல்லை, காசு வேண்டும். மஹாபொல உதவித்தொகை வளாகத்துக்குள் போன பிறகுதான் வரும். ஆனால் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைப் பலப்படுத்திக்கொண்டு உள்ளே போகிறது, இன்னொரு பிள்ளை இருந்ததையும் மறந்துவிட்டுப் போகிறது. அரசு இருவரையும் ஒரே நாளில் பதிவு செய்து, சமமாக நடத்துவதாக நினைத்துக்கொள்கிறது.

2011இல் அரசு இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒரு பயிற்சியை நடத்தியது. புதிய மாணவர்களை மூன்று கிழமை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவம் கற்பித்தார்கள். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஒரு தயாரிப்பு வேண்டும் என்று அரசுக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. தேவைப்பட்டது அணிவகுப்பு இல்லை. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானாக வாசித்து முடிக்கும் பயிற்சி.

அதை எப்படிச் செய்வது என்று கேட்டால், நான் ஒரேயொரு புத்தகத்தில் தொடங்கச் சொல்வேன். உயர்தரத்தில் நன்றாகத் தெரிந்த பாடத்தில், முதல் வருடத்துக்குரிய ஆங்கிலப் பாடநூல் ஒன்றை எடுக்க வேண்டும். பழைய பிரதி போதும். தெரிந்த அத்தியாயத்திலிருந்து வாசிக்க வேண்டும். பொருள் ஏற்கனவே மனதில் இருப்பதால் மொழி மட்டுமே தடையாக நிற்கும், அந்தத் தடை ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும், தமிழில் என்றாலும் சரி. எழுதிய பிறகு, விளங்காத இரண்டு இடங்களைக் கேள்வியாக எழுதி வைக்க வேண்டும். பதின்மூன்று வருடப் பாடசாலைக் கல்வியில் பிள்ளை பதில் எழுதித்தான் பழகியிருக்கிறது. கேள்வி எழுதச் சொன்னால் முதலில் திகைக்கும். அந்தத் திகைப்பைப் பல்கலைக்கழக வாசலுக்கு முன்பே கடந்துவிட வேண்டும். கலைப்பிரிவுப் பிள்ளைக்கும் இதே வழிதான்: ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதியதை அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகிறார்கள் என்று பார்க்கட்டும். இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று ரியூட் சொல்லாது.

பாடசாலைகளும் சும்மா இருக்க முடியாது. பழைய மாணவர் சங்கங்கள் நீச்சல் தடாகத்துக்கும் மேடைக்கும் பணம் சேர்க்கின்றன. நல்லது. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குப் பாடசாலை நூலகத்தை இன்னும் ஒரு வருடம் திறந்து வைக்க எவ்வளவு செலவாகும்? பெற்றோரும் ஒன்று செய்யலாம். மானியங்கள் ஆணைக்குழுவின் பதிவை, வங்கிக் கணக்கை, பீடாதிபதி அலுவலகத்துக்கான மின்னஞ்சலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கலாம். பெண் பிள்ளைக்கும் அப்படியே. அவள் தனியாகப் பஸ் மாறித் தளுகமவுக்கு ஒரு முறை போய் வரட்டும், பதிவு நாளுக்கு முன்பே.

வளாகத்துக்குள்ளே மாணவர்கள் தாங்களாகவே உருவாக்கிய ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும்போது, விளங்கியவர் ஒருவர் விளங்காதவர்களை ஒரு வகுப்பறையில் கூட்டி வைத்து இரவிரவாகச் சொல்லிக் கொடுப்பார். அதைக் குப்பி என்பார்கள். காசு இல்லை, ரியூட் இல்லை. சொல்லிக் கொடுப்பவரும் நேற்று அதே இடத்தில் திணறியவர்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில விரிவுரையைத் தமிழில் விளங்கப்படுத்திக் கரைசேர்த்த குப்பிகள் எத்தனையோ. பரீட்சை நெருக்கத்தில் மட்டும் நடக்கிற இந்தக் குப்பியைக் காத்திருப்புக் காலத்துக்குக் கொண்டுவரலாம். இடம் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்திலும் இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் இருக்கிறது. களனியில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைகள் அதே ஒழுங்கைகளில்தான் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பார்கள். பெறுபேறு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடைசி வினாத்தாள் எழுதி முடித்த அடுத்த மாதமே, பத்துப் பிள்ளைகளோடும் ஒரு பழைய பாடநூலோடும் தொடங்கிவிடலாம்.